காலி அட்டைகள்

ஏப்ரல் 3, வியாழன்

நகராட்சியிலிருந்து ஆள் வந்து ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். மருந்து வழங்கல் ஒப்பீட்டுக் குழுவில் பொதுமக்கள் சார்பில் என்னைச் சேர்த்திருக்கிறார்களாம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்து ஒரு மரியாதை. என் வீட்டுக்காரர் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீ, பிஸ்கட்டாவது தருவானுவளா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் வெள்ளைத்துறையில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் அரசு கொடுக்கும் இலவச மாத்திரைகளை இந்த ஜனவரியிலிருந்து இரண்டு விதமாகக் கொடுக்கிறார்கள். ரயில் பாதைக்கு மேற்கே இருப்பவர்கள் பழையபடி சுகாதார நிலையத்துக்குப் போய், மருந்துக் கவுன்டரில் வரிசையில் நின்று வாங்க வேண்டும். கிழக்கே, உப்பளப் பக்கம் இருக்கும் எங்களுக்கு, ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் வண்டி வீட்டுக்கே கொண்டு வருகிறது. ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு எது செலவு குறைவு என்று குழு சொல்ல வேண்டும். வண்டிதான் மலிவு என்று சொன்னால், ஜூலையில் கவுன்டரை மூடிவிட்டு ஊர் முழுவதையும் கம்பெனியிடம் விட்டுவிடுவார்கள்.

கத்தரிக்காயை வண்டிக்காரரிடம் வாங்குவதா, சந்தைக்குப் போய் வாங்குவதா என்ற கேள்விதான் இது. இதற்கு ஒரு குழுவா என்று முதலில் நினைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு மருந்து வண்டி வந்தது. வண்டி என்றால் ஸ்கூட்டர்தான். பின்னால் நீலப் பெட்டி. ஓட்டி வருவது பவானி. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவளாம். எனக்கு முகம் நினைவில்லை, அவளுக்கு நான் போட்ட பூஜ்யம் நினைவிருக்கிறது.

"தேவசகாயம் சார் இருக்காவளா டீச்சர்? அவிய கையெழுத்துப் போடணும்."

இவர் வந்து போனில் விரலால் ஏதோ கிறுக்கினார். ஒரு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை, மூன்று அட்டை, பெயர் ஒட்டிய காகிதப் பையில். நான் கவுன்டர் வரிசையில் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டேன். என் மூட்டு வலிக்கு அந்த வரிசை ஒரு தண்டனை. போதாக்குறைக்கு அங்கே மருந்தாளுநர் மைதீன் பிச்சை வேறு. போன மாதத்துக் காலி அட்டையைக் காட்டினால்தான் இந்த மாத மாத்திரையைக் கொடுப்பார். காலி சோடா பாட்டிலைக் கொடுத்துப் புது சோடா வாங்குவது மாதிரி. மறந்து போனால் திரும்பி வீட்டுக்கு நடக்க வேண்டும். இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு" என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

முதல் கூட்டம். டீயும் வந்தது, பிஸ்கட்டும் வந்தது. இவருக்காக இரண்டு பிஸ்கட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

நகர்நல அலுவலர் டாக்டர் பூங்கோதைதான் தலைமை. சின்ன வயசு, பேச்சில் அவசரம் இல்லை. கணக்கை எங்கள் முன் வைத்தார். மாத்திரைக்கு ஆகும் செலவு, சம்பளம், கட்டடம், கரண்ட் எல்லாம் சேர்த்தால், கவுன்டரில் ஒரு நோயாளிக்கு ஒரு மாத மருந்து கொடுக்க நூற்று எழுபத்தாறு ரூபாய் ஆகிறது. வண்டிக்கு நூற்று முப்பத்தொன்பதுதான். அதோடு வண்டியின் மொத்தச் செலவு மாதா மாதம் இறங்கிக்கொண்டே வருகிறது. கொடுத்து முடித்த அளவோ நூற்றுக்கு நூறு.

கம்பெனி மேற்பார்வையாளர் நவநீதன் மடிப்புக் கலையாத சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். மைதீன் பிச்சை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். "முதல் தோசை பிய்ந்து வரும். கல் பழகிவிட்டால் எண்ணெயும் குறையும், நேரமும் குறையும். வண்டிக்குக் கல் பழகிவிட்டது என்று தெரிகிறது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னதைக் கூட்டக் குறிப்பிலும் ஏற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையாகச் சொன்னேன். பிஸ்கட்டைத் தின்றுகொண்டே கேட்டார். கைக்குட்டையை மடித்து வைத்தார். பிறகு, "நல்ல உதாரணம்தான்" என்றார்.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். ஜன்னல் திரைக்கு ஓரம் வெட்ட உட்கார்ந்தால் ஜிக்ஜாக் கத்தரியைக் காணோம். ஓரத்தைப் பல் பல்லாக வெட்டும் அந்தக் கத்தரியை இந்த வீட்டில் என்னைத் தவிர யார் தொடப்போகிறார்கள்?

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். உப்புக்குக் கொண்டாட்டம், மனுஷனுக்குத் திண்டாட்டம். காற்றே இல்லை.

துணி ஊறவைக்கும்போது இவருடைய கைக்குட்டையில் ரத்தக்கறை பார்த்தேன். மூக்கிலிருந்து கொஞ்சம் வந்ததாம். "சூடுதான். இளநி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றார். சரிதான், சூடுதான். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன், கறை போய்விட்டது.

சட்டைப் பொத்தானையும் இன்று மாற்றிப் போட்டிருந்தார். வயசாகிறது.

மே 9, வெள்ளி

குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் கவுன்டரிலும் வண்டியோடும் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் பூங்கோதை சொல்லியிருந்தார். இன்று கவுன்டர். மைதீன் பிச்சைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள்.

நல்லது, கெட்டது இரண்டையும் எழுதி வைக்கிறேன். கெட்டது: வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டது. ஒரு சர்க்கரை மாத்திரை இருப்பில் இல்லை. "அடுத்த வாரம் வா" என்று பலரைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் வருவதென்றால் இன்னொரு நாள் கூலி போகும். அது நகராட்சிக் கணக்கில் ஏறாத செலவு. நல்லது: மனுஷன் எல்லோர் முகத்தையும் பார்க்கிறார். ஓர் அம்மாள் நீட்டிய அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருந்தது.

"இந்த நாலு என்ன பாவம் பண்ணிச்சு?"

"கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன் பாய்."

"கல்யாணத்துக்கு நீங்க போனீய. பிரஷர் வீட்டுலேயா இருந்துச்சு?"

வரிசையே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்தார்.

மூடும் நேரத்துக்கு இசக்கிமுத்து ஓடி வந்தார். அறுபது வயசை நெருங்கிய உப்பளத் தொழிலாளி. இவர் உப்பு சொசைட்டியில் எடை போடும் கிளார்க்காக இருந்த காலத்திலிருந்து சிநேகிதம். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. ஒரு காலி அட்டையை நீட்டினார்.

மைதீன் பிச்சை அதைப் புரட்டிப் பார்த்தார். "இது வண்டி மருந்துல்லா வே. உம்ம தெருவுக்கு வண்டி வருது. இங்க உம்ம பேரு கிடையாது."

"வண்டி எனக்கு வரலை பாய். பேரை எடுத்துட்டாவ."

"பேரை எடுத்துட்டாவன்னா இந்த அட்டை எப்படி வந்துச்சு?"

இசக்கிமுத்து அப்போதுதான் என்னைப் பார்த்தார். ஸ்டூலில் நான் இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "ஒரு புண்ணியவான் தந்தாரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அட்டையை நான் வாங்கிப் பார்த்தேன். ஐந்து மாத்திரை உள்ள பாதி அட்டை. பத்தில் பாதியை யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய ஓரம் பல் பல்லாக இருந்தது.

திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மே 10, சனி

ஜிக்ஜாக் கத்தரி கிடைத்துவிட்டது. இழுப்பறையில் நூல் டப்பாவுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. முனை மழுங்கியிருக்கிறது. துடைத்து வைத்தேன்.

மே 14, புதன்

அறிக்கைக்கு என் பங்கை எழுத உட்கார்ந்தேன். 'வண்டி வழங்கல் செலவு குறைவானது. முழுமையானது' என்று எழுதினேன். முழுமையானது என்ற சொல்லை அடித்தேன். திரும்ப எழுதினேன்.

ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்திருக்கிறான் என்று தெரிந்தும் அவனிடம் நோட்டைக் கேட்காமல் கடந்து போகும் டீச்சர்கள் உண்டு. கேட்டால் அவன் ஒரு பதில் சொல்வான், அந்தப் பதிலுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

இரவு கேட்டேன்: "மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

மே 25, ஞாயிறு

ஆராதனையில் இரண்டாம் பாட்டுக்கு எழுந்தபோது இவர் எழவில்லை. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுவதும் சிவப்பு. மூக்கிலிருந்து நிற்காமல் வருகிறது. என் முந்தானையை வைத்து அழுத்தினேன். பாட்டு நடந்துகொண்டே இருந்தது.

அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பிரஷர் இருநூற்றுப் பத்து என்றார்கள். கீழ் எண் நூற்றிருபது. டாக்டர் என்னிடம் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா எடுக்கிறாரா அம்மா?"

"எடுக்கிறார்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "தெரியவில்லை டாக்டர்" என்றேன். நான் எந்தக் கேள்விக்கும் அப்படிப் பதில் சொல்லி இவர் கேட்டதில்லை. கட்டிலிலிருந்து என்னையே பார்த்தார்.

இரண்டு மணி நேரத்தில் ரத்தம் நின்றது. பிரஷர் மெல்ல மெல்ல இறங்கியது. கை, கால், பேச்சு எல்லாம் சரியாக இருக்கின்றன. நல்ல வேளைக்கு மூக்கு உடைந்தது, தலைக்குள்ளே உடையவில்லை என்று நர்ஸ் சொன்னாள். எப்படிப்பட்ட நல்ல வேளை!

மே 26, திங்கள்

காலையில் வீட்டுக்கு வந்தோம். கஞ்சி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜிக்ஜாக் கத்தரியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

இவர் கத்தரியைப் பார்த்தார், கஞ்சியைப் பார்த்தார். "கைக்கு அதுதான் அகப்பட்டுது" என்றார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்பிடிச் சொல்ல? மார்ச்சுலேயே இசக்கி பேரை எடுத்துட்டானுவ. அவன் மூணு மணிக்கெல்லாம் அளத்துக்குப் போயிருதான். உப்பு வாரிட்டுத் திரும்ப பதினொண்ணு ஆயிருது. பொஞ்சாதி மீன் கம்பெனிக்குப் போயிருதா. வண்டி வாரது ஒம்பது மணிக்கு. ரெண்டு தடவை வீடு பூட்டிக் கிடந்துச்சாம், பேரு போச்சு. மேற்கே போனா, நீ கிழக்குங்கான். நான் என்ன செய்ய? பாதியை வெட்டிக் கொடுத்தேன்."

"நீங்க?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன்."

"நான் கேட்டப்பல்லாம் போட்டாச்சுன்னீங்களே!"

"ஆமா. ஒரு நாள் நான் போட்டேன், ஒரு நாள் அவன் போட்டான். எப்பிடியும் போட்டாச்சுல்லா?" என்று சிரிக்கப் பார்த்தார். மூக்கில் பஞ்சு வைத்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு அவரே சொன்னார்: "நீ வண்டி வண்டின்னு எவ்வளவு சந்தோஷமாச் சொன்ன! உன் தோசை உதாரணத்தைக் கூட்டத்துல எழுதிக்கிட்டாவன்னு வேற சொன்ன. அதுக்குமேல எனக்கு வாய் வரலை டீச்சர்."

என்னை அவர் டீச்சர் என்று கூப்பிடுவது கேலிக்கு. இன்று கேலி இல்லை.

சாயங்காலம் இசக்கிமுத்து வந்தார். வாசலிலேயே நின்றார். "அண்ணாச்சி கூட வாங்கி வச்சிருக்காவன்னு நினைச்சேன் டீச்சர். அவிய மாத்திரையைப் பிச்சித் தாராவன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்று கண் கலங்கினார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவருடைய பிரஷரையும் பார்க்கச் சொல்லி நாளைக்கே டாக்டர் பூங்கோதையிடம் அழைத்துப் போவதாகச் சொன்னேன். வரவில்லை, கூலி போகும் என்றார். பதினொன்றரை மணிக்குப் போகலாம் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தை மாற்றினால் ஒரு மனுஷன் ஒத்துக்கொள்கிறான். இவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 2, திங்கள்

பவானியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கிழக்குப் பகுதி முழுவதும் சுற்றினேன். என் மூட்டு என்னை மன்னிக்காது.

"டீச்சர், வீடு பூட்டியிருந்தா போன்ல 'ஆள் இல்லை'ன்னு அமுக்கணும். ரெண்டு மாசம் அப்படி அமுக்கினா பேரு சிவப்பாயிரும். அடுத்த மாசம் பேரே வராது. நானா எடுக்கல, அதுவா எடுத்துருது."

"உனக்குத் தெரிந்த வீடாக இருந்தாலுமா?"

"என் சித்தப்பா பேரே போச்சு டீச்சர்!" என்றாள். "அவருக்கு மாத்திரையை நான் கவுன்டர்ல போய்ச் சண்டை போட்டு வாங்கிக் கொடுக்கேன். கம்பெனியில சொல்லிராதீய."

சிவப்பான பெயர்களின் வீடுகளுக்குப் போனோம். சிலர் இறந்திருந்தார்கள், சிலர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் உப்பளத்துக்குப் போகிறவர்கள். மீன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் கொஞ்சம் பேர். மத்தியானம் போனால் எல்லோரும் வீட்டில் படுத்திருக்கிறார்கள்.

வண்டிச் செலவு மாதா மாதம் ஏன் இறங்கியது என்று இப்போது தெரிகிறது. கல் பழகவில்லை. தோசைதான் குறைந்தது.

ஜூன் 11, புதன்

மூன்று நாளாகக் கணக்கு போடுகிறேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறார், சாதாரணக் கத்தியால். பிரஷர் நூற்று நாற்பதுக்கு வந்திருக்கிறது.

கோபத்தில் கணக்கு போடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் நியாயமாகப் பார்த்தேன். நவநீதனையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். பயந்துகொண்டேதான் வந்தார். "ஒப்பந்தத்துல ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் மேடம். பூட்டின வீட்டுக்கு மறுபடி போனா எங்களுக்குப் பணம் கிடையாது" என்றார். பொய் இல்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. எழுதியவர்கள் உப்பளத்துக்குப் போனதில்லை.

"மத்தியானம் இன்னொரு தடவை போனா என்ன ஆகும்?"

கணக்கு போட்டுப் பார்த்தார். ஒரு நோயாளிக்குப் பதினெட்டு ரூபாய் கூடும். அப்படியானால் நூற்று ஐம்பத்தேழு.

பிறகு கவுன்டர் கணக்கு. அந்தக் கட்டடத்தில்தான் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் போடுகிறார்கள். ஆனால் வாடகை, கரண்ட் எல்லாவற்றையும் மருந்துக் கவுன்டரின் தலையில் ஏற்றியிருந்தார்கள். ஒரே அடுப்பில் சோறும் குழம்பும் ஆக்கிவிட்டு, கேஸ் செலவு முழுவதையும் குழம்புக்கே எழுதுவது மாதிரி. பிரித்துப் போட்டால் நூற்று எழுபத்தாறு நூற்று ஐம்பத்தெட்டாகிறது.

மைதீன் பிச்சையிடம் போனில் சொன்னேன். "ஒரு ரூபாய்தான் வித்தியாசமா? இதுக்கா ஆறு மாசம் என் வயித்துல புளியைக் கரைச்சீய?" என்றார். அவருடைய இருப்பு தீர்ந்து போகும் கதையையும் அறிக்கையில் எழுதப்போகிறேன் என்றேன். "எழுதுங்க. எழுதினாத்தான் அனுப்புவானுவ" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

கூட்டம். முதலில் என் தோசை உதாரணத்தைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அது தவறான உதாரணம் என்றேன். இந்த முறை வந்திருந்த நகராட்சி ஆணையர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேறு உதாரணம் சொன்னேன்.

"சில பள்ளிக்கூடங்களில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் நூற்றுக்கு நூறு என்று பேனர் கட்டுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், படிக்காத பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பியிருப்பார்கள். பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்று கேட்டால் நூறு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாஸ் என்று கேட்டால்தான் உண்மை வரும். நாம் வண்டியிடம் முதல் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம்."

ஜனவரியில் கிழக்குப் பகுதிப் பட்டியலில் அறுநூற்று இருபது பேர். இப்போது நானூற்று எண்பத்தெட்டு. பட்டியலில் இருக்கிறவர்களுக்கு நூற்றுக்கு நூறு. ஜனவரியில் இருந்தவர்களை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்தொன்பது. கவுன்டரில் அதே கணக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. திட்டுகிற மனுஷனிடம் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆனால் அங்கே வருகிறவர்கள் நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"பேர் போனவங்களால மிச்சமான பணம் மிச்சம்தானே?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

"என் வீட்டுக்காரர் மே மாதம் அவசரப் பிரிவில் படுத்திருந்தார். அந்தச் செலவு எந்தக் கணக்கில் இருக்கிறது?" என்று கேட்டேன். தண்ணீர் குடித்தேன்.

டாக்டர் பூங்கோதை, "அது என் பட்ஜெட்ல இல்ல, ஆஸ்பத்திரி பட்ஜெட்ல இருக்கு. அதனால நம்ம கண்ணுக்குப் படல" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "இனிமே படணும்" என்றார்.

கடைசியில் இவ்வளவு ஆயிற்று. கவுன்டர் மூடப்படாது. வண்டியும் நிற்காது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் என் மாதிரி மூட்டுக்காரர்களுக்கும் அது வேண்டும். வண்டி மத்தியானத்திலும் போகும், அதற்குக் கூடுதல் பணம் உண்டு. அப்போதும் பூட்டியிருந்தால் அந்தப் பை கவுன்டருக்கு வந்துவிடும். கிழக்கு, மேற்கு பார்க்காமல் கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கவுன்டர் சாயங்காலமும் திறக்கும். நேரில் போய் விசாரிக்காமல் யார் பெயரையும் எடுக்கக் கூடாது. இப்போதைக்கு இன்னும் ஆறு மாதம்தான். பிறகு திரும்பப் பார்ப்பார்களாம்.

சாயங்கால டியூட்டி என்றதும் மைதீன் பிச்சை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது என் பக்கத்தில் வந்து, "டீச்சர், நல்லா மாட்டிவிட்டீய" என்றார்.

ஜூன் 18, புதன்

இவர் கேட்டார்: "நேத்து பிஸ்கட் தரலியா?" மறந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று சாயங்காலக் கவுன்டர். இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு வண்டியிலேயே வந்துவிடுகிறது; சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். வெயில் தணிந்திருந்ததால் வரிசையில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. எல்லாப் பெயரும் திரும்பி வந்துவிடவில்லை. சிலர் இன்னும் நம்பவில்லை, வந்தாலும் கொடுக்கமாட்டார்கள் என்று வீட்டிலேயே இருக்கிறார்கள். பவானி அவர்களை ஒவ்வொருவராக ஸ்கூட்டரில் ஏற்றி வந்துகொண்டிருக்கிறாள். அதற்கு அவளுக்குப் பணம் உண்டா என்று நவநீதனிடம் கேட்க வேண்டும்.

இசக்கிமுத்து வரிசையில் நின்றார். குளித்து, தலைவாரி, சட்டை போட்டு வந்திருந்தார்.

"காலி அட்டை எங்க வே?" என்றார் மைதீன் பிச்சை.

இசக்கிமுத்து பையிலிருந்து அட்டைகளை எடுத்துக் கம்பிக்கு உள்ளே தள்ளினார். தள்ளும் முன் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று முழு அட்டை. பத்துப் பத்துக் குழியும் காலி. நாலு ஓரமும் நேராக, மருந்துத் தொழிற்சாலையில் வெட்டியபடியே இருந்தன.

"உம்ம பிரஷர் எவ்வளவு?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டு பாய்."

"அண்ணாச்சிக்கு?" என்று மைதீன் பிச்சை இவரைப் பார்த்துக் கேட்டார்.

"நூத்தி முப்பத்தாறு" என்றார் இவர். "அவனை ஜெயிச்சிட்டேன்."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். பாத்திரம் கழுவிக்கொண்டே வழக்கம்போல, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்று வாயைத் திறந்து, நாக்கின்மேல் இருந்த மாத்திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.